ஜீவியத்துக்கு

நவம்பர் 12, செவ்வாய்

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து ஒரு பத்திரம் வந்திருக்கிறது. 1962-இல் சாத்தூரில் எழுதியது. ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும். கல்லூரியில் மொழியியல் கற்பிப்பதை விட்ட பிறகு இந்த வேலைகளால்தான் என் பொழுது போகிறது. பெரும்பாலும் எல்லைகள், கிணறுகள், வேலியோரத்துப் பனைமரங்கள்.

இதில் ஒரு வித்தியாசம். இதே பத்திரத்துக்கு ஏற்கெனவே இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. வழக்கில் இரு தரப்பும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள். நீதிபதி வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவது ஆளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இரண்டும் வேறுபடுவது ஒரே வரியில். ஒருவர் தம் விதவை மருமகளுக்கு வீடு எழுதுகிறார்:

"என் மூத்த மருமகள் செண்பகத்தம்மாளுக்கு அவள் ஜீவியத்துக்கு மேற்படி வீட்டை விட்டிருக்கிறபடியால் அவள் அதை ஆண்டு அனுபவித்துவர வேண்டியது."

ஒருவர் இதை 'அவள் ஆயுள்வரை' என்று பெயர்த்திருக்கிறார். மற்றவர் 'அவள் பிழைப்புக்காக' என்று. இருவரும் காசு வாங்கிக்கொண்டு பெயர்த்தவர்கள். நானும் அப்படித்தான்.

நவம்பர் 14, வியாழன்

மோட்டார் பழுது. தண்ணீர் லாரி பதினொரு மணிக்குத்தான் வந்தது. வேலை நடக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

தம்பி செல்வின், அவன் மனைவி ஹெப்சியோடு ஆலயத்துக்குப் போனேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். போகாவிட்டால் வரும் கேள்விகளைவிடப் போவது எளிது. போதகர் ஜெபத்தில் "சாட்சியுள்ள ஜீவியம்" என்று மூன்று முறை சொன்னார். ஆக, மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது: ஒழுக்கம். நீதிமன்றத்துக்கு அது உதவாது.

அகராதியைப் பார்த்தேன். உயிர்வாழ்வு, ஆயுட்காலம், பிழைப்பு. மூன்றுக்கும் இடம் கொடுத்துவிட்டு அகராதி ஒதுங்கிக்கொள்கிறது.

மாலையில் ஒருவர் டேப்போடு வந்து, செல்வின் வீட்டில் நான் இருக்கும் மாடியை அளந்துகொண்டு போனார். பெயிண்டுக்கு என்றார்கள்.

நவம்பர் 20, புதன்

மொழிபெயர்ப்பாளர் வழக்கைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் படித்தேன்.

செண்பகத்தம்மாளுக்குப் பிள்ளை இல்லை. மாரிக்கனி என்ற பெண்ணைச் சின்ன வயதில் எடுத்து வளர்த்தார். முறையான தத்து அல்ல. இறப்பதற்கு முன் வீட்டை மாரிக்கனி பேருக்கு உயில் எழுதிவைத்தார். வீட்டின் முன்பக்கத்தில் மாரிக்கனி மாவு மில் நடத்துகிறார். கணவரின் தம்பி பேரன் தனபால் என்பவர் வழக்குப் போட்டார். செண்பகத்தம்மாளுக்குச் சாகும்வரை குடியிருக்கத்தான் உரிமை, உயில் எழுத உரிமை இல்லை, வீடு எங்களுக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். பத்திரத்தின் கடைசி வரி அவருக்குச் சாதகம்: "அவள் காலத்துக்குப் பின் என் இளைய குமாரன் வாரிசுகளைச் சேர வேண்டியது."

ஆனால் எழுபதுகளில் தில்லி உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கணவன் குடும்பத்துச் சொத்தில் பராமரிப்புப் பெறுவது விதவைக்கு ஏற்கெனவே உள்ள உரிமை. அந்த உரிமைக்கு ஈடாக ஒரு சொத்தைக் கொடுத்தால், என்ன நிபந்தனை எழுதியிருந்தாலும் அது அவளுக்கு முழுச் சொந்தமாகிவிடும். சும்மா ஆயுள்வரை இருந்துகொள் என்று கொடுத்தால் ஆகாது.

எனவே 'ஜீவியத்துக்கு' என்றால் பிழைப்புக்கு என்று பொருளானால் வீடு செண்பகத்தம்மாளுடையது, உயில் செல்லும், மாரிக்கனி இருக்கலாம். ஆயுள்வரை என்றால் மாரிக்கனி வெளியே போக வேண்டும். கீழ்க்கோர்ட்டுகள் இரண்டும் போகச் சொல்லிவிட்டன. இரண்டுமே காட்டியிருப்பது 1979-இல் வந்த ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை. 'ஜீவியம்' என்றால் ஆயுள் என்று அதில் முடிவாகிவிட்டதாம். அதன் பிறகு இந்தச் சொல் வந்த வழக்கெல்லாம் அந்த வழியிலேயே போயிருக்கின்றன.

நவம்பர் 25, திங்கள்

வக்கீல்கள் சங்க நூலகத்தில் பழைய மாணவி ஒருத்தி வேலை பார்க்கிறாள். 1979 தீர்ப்பை முழுதாக எடுத்துக் கொடுத்தாள். "எல்லாரும் தலைக்குறிப்பை மட்டும்தான் கேப்பாங்க மேம்" என்றாள். தலைக்குறிப்பு என்பது தீர்ப்பின் தலையில் பதிப்பகத்தார் போடும் சுருக்கம்.

பன்னிரண்டு பக்கம். பத்திரத்தின் தமிழ் வரி எங்குமே இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் நீதிபதி எழுதுகிறார்: இந்த மொழிபெயர்ப்பை இரு தரப்பும் மறுக்காததால் இதையே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இரண்டாம் முறை படித்தேன். அந்த நீதிபதி சொல்லின் பொருளை முடிவு செய்யவே இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நாற்பத்தைந்து வருஷமாக அவரைப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இது மாரிக்கனியின் வக்கீல் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். நான் யாருக்கும் வக்கீல் அல்ல.

நவம்பர் 28, வியாழன்

காலையில் கேட்டைத் தட்டும் சத்தம். ஐம்பது வயது இருக்கும். கையில் துணிப்பை, புருவத்தில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மேடம், சாத்தூர் வீட்டுக் கேசு உங்ககிட்டதான வந்திருக்கு?"

"நீங்க யாரு?"

"மாரிக்கனி. வக்கீலய்யா மேசையில உங்க பேர் போட்ட கடுதாசியப் பாத்தேன்."

"நீங்க இங்க வரக் கூடாதும்மா. நான் உங்ககூடப் பேசுறதே தப்பு."

"நீங்க பேச வேணாம். நான்தான் பேசப்போறேன்."

"அதுவும் தப்பு."

"அப்ப வாசல்ல நின்னு மூச்சு வாங்கிக்கிடலாமா? பஸ் விட்டு எறங்குனதுலருந்து நடை."

கேட்டைத் திறக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே பேசினார், யாரோ வழிப்போக்கரிடம் சொல்வதுபோல.

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. கோர்ட்டுல ஒருத்தராவது எங்கம்மா யாரு, எப்படி இருந்தான்னு கேப்பாங்கன்னு பாத்தேன். எல்லாரும் அந்த ஒத்த வார்த்தையத்தான் கேக்காங்க. மெஷினு தரையில போல்ட்டுப் போட்டு இறுக்கிருக்கு மேடம். வாடகை வீட்டுல எவன் வைக்க விடுவான்? மொளகா அரைச்சா தெருவே தும்மும். எங்கம்மா மொகத்துக்காகப் பொறுத்துக்கிட்டாங்க."

"சரிம்மா, கிளம்புங்க."

"கெளம்புதேன். ஒண்ணே ஒண்ணு. அந்தத் தனபாலு நல்ல பையந்தான். அவங்க தாத்தா சொன்னத அவன் நம்புதான். நான் எங்கம்மா சொன்னத நம்புதேன். ரெண்டு பேரும் அந்தக் காயிதத்தப் படிச்சவங்க இல்ல. நீங்க படிச்சிருக்கீக."

துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வேண்டாம் என்றேன்.

"மல்லித்தூள் மேடம். மல்லித்தூளுக்கு யாரு தீர்ப்ப மாத்துவா?"

வாங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். 1979 தீர்ப்பின் ஒன்பதாம் பக்கம் மேசைமேல் திறந்தபடி இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

வழக்கில் ஒரு தரப்பினர் என்னைச் சந்திக்க வந்தார் என்று நீதிமன்றப் பதிவாளருக்கு எழுதினேன். தண்ணீர் கொடுத்ததையும் சேர்த்து.

டிசம்பர் 3, செவ்வாய்

தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் அந்த வரி அசையவில்லை. பிழைப்பு என்று படிக்கவே எனக்கு விருப்பம் என்று தெரிகிறது. விருப்பம் தெரிந்துவிட்ட பிறகு அந்தப் பொருளை நம்ப முடியவில்லை. வீம்புக்கு ஆயுள் என்று எழுதிப் பார்த்தேன். அதையும் நம்ப முடியவில்லை.

மதியம் சாப்பிடக் கீழே இறங்கியபோது ஹெப்சி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகன் ஜோயலுக்கு மே மாதம் கல்யாணம், மாடியைப் புதுப்பிக்க வேண்டும், இத்தியாதி. என்னைப் பார்த்த பிறகும் குரலைத் தணிக்கவில்லை.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? மதினி ஆயுசுக்கும் இங்கதான இருக்கப் போறாங்க. அவங்கள என்ன வெளியவா தள்ள முடியும்?"

ஆயுசுக்கும். அந்த 'ம்'மைக் கவனித்தேன்.

காலம் முழுவதும் என்று சொல்லும்போது நாம் யாரும் 'ஆயுசுக்கு' என்று நிறுத்துவதில்லை. ஆயுசுக்கும் உழைத்தான். ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். காலத்துக்கும் கஷ்டம். ஆனால் ஒன்றன் பொருட்டு என்னும்போது 'ம்' வராது. கூலிக்கு, கஞ்சிக்கு, பாட்டுக்குப் பரிசு, படிப்புக்குக் கடன். பத்திரத்தில் இருப்பது 'ஜீவியத்துக்கு'. புள்ளி வைத்த ம் இல்லை.

பத்திரத்தை மறுபடி எடுத்தேன். கிணற்றைப் பற்றிய பத்தியில் அதே எழுத்தர் "பொதுக் கிணற்றில் காலத்துக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதியிருக்கிறார். அங்கே ம் இருக்கிறது. அவருக்கு அது தெரியும். வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்.

ஹெப்சி நல்ல தமிழ் பேசுகிறாள். மத்தியானம் வாழைக்காய்ப் பொரியல்.

டிசம்பர் 5, வியாழன்

மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பிழைப்பு என்ற பொருள் வரும் ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். 'மெயின்டனன்ஸ்' என்று போடவில்லை. அது சட்டச் சொல், சாத்தூர் எழுத்தர் சட்டம் எழுதவில்லை. அடிக்குறிப்பில் ம் பற்றியும் கிணறு பற்றியும் எழுதினேன். "இந்தச் சொல்லுக்கு வேறு இடங்களில் ஆயுள் என்ற பொருளும் உண்டு, இந்தப் பத்திரத்தில், இந்த இடத்தில், இதுவே பொருள்" என்று முடித்தேன்.

டிசம்பர் 11, புதன்

செய்தி: விதவைகளின் சொத்துரிமை பற்றிய அந்த எழுபதுகள் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதால், விஷயத்தைப் பெரிய அமர்வு தீர்க்கட்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அனுப்பியிருக்கிறார்கள்.

பெரிய அமர்வு எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை காத்திருக்கலாம் என்று தனபால் தரப்புக் கேட்கக்கூடும். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தவருக்குக் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

ஜனவரி 9, வியாழன்

22-ஆம் தேதி நேரில் வந்து விளக்கம் தர உத்தரவு. பழைய மூக்குக் கண்ணாடியின் காது உடைந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஜனவரி 22, புதன்

மாரிக்கனி பின்வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தால் அதுவும் குற்றமாகும் என்று பயந்திருப்பார். மறுகோடியில் நின்ற வழுக்கைத் தலை இளைஞர்தான் தனபால் என்று ஊகித்தேன்.

தனபாலின் வக்கீல் வைரவநாதன் மூத்தவர். முதலில் பெரிய அமர்வு முடிவு வரும்வரை வழக்கை நிறுத்திவைக்கக் கேட்டார். பெரிய அமர்வு மாற்றும்வரை இருக்கும் சட்டம்தான் சட்டம் என்றார் நீதிபதி. உடனே வைரவநாதன் என் பக்கம் திரும்பினார். வாதம் ஆங்கிலத்தில், என்னிடம் மட்டும் தமிழில் பேசினார், அந்நியோன்னியமாக.

"அம்மா, மாரிக்கனி உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க. எழுதிக் கொடுத்திருக்கேன்."

"தண்ணி குடுத்தீங்களோ?"

"அதையும் எழுதியிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டு, மறைக்க நினைப்பவர் தண்ணீரைப் பற்றி எழுதமாட்டார் என்றார்.

"சரி. அறுபத்திரண்டுல சாத்தூர்ல பத்திரம் எழுதினவரு இலக்கணம் பாத்தா எழுதியிருப்பாரு? கை மறந்து ஒரு ம் போடாம விட்டிருக்கலாம் இல்லையா?"

"இலக்கணம் பார்த்திருக்கமாட்டார். அதனாலதான் அவரை நம்பலாம். பார்த்து எழுதுறவங்கதான் தப்பு செய்வாங்க. பேச்சுல 'ஆயுசுக்கு இங்கதான் இருப்பேன்'னு நீங்க சொல்வீங்களா?"

அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சொல்லமாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் விடவில்லை. உயர் நீதிமன்றம் 1979-இலேயே பொருளை முடிவு செய்துவிட்டது, ஒரு மொழிபெயர்ப்பாளரின் காதுக்காக அதை மீற முடியுமா என்றார். மாரிக்கனியின் வக்கீல் இளங்குமரன் எழுந்து, அந்தத் தீர்ப்பு வேறு ஊர், வேறு குடும்பம் என்று ஏதோ தொடங்கினார். ஒன்பதாம் பக்கத்தை அவர் படித்திருக்கவில்லை.

நீதிபதி என்னைப் பார்த்தார். முந்தைய மொழிபெயர்ப்பிலிருந்து உங்களுடையது ஏன் விலகுகிறது என்று கேட்டார்.

கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று அந்த நொடியில் தோன்றியது. உரிமை இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"அந்தத் தீர்ப்பில் தமிழ் வரி இல்லை. அங்கே ம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இரு தரப்பும் மறுக்காததால் அந்த ஆங்கிலத்தை ஏற்றுக்கொள்வதாக நீதிபதி ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். என்னுடையதை ஒரு தரப்பு மறுக்கிறது. அதுதான் வித்தியாசம்."

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வாசித்தார். வைரவநாதனிடம் நீட்டினார். அவர் வாசித்துவிட்டு இளங்குமரனிடம் கொடுத்தார். இளங்குமரனுக்குக் காது சிவந்துவிட்டது.

"பிழைப்பு என்றால் பராமரிப்பா?" என்று நீதிபதி கடைசியாகக் கேட்டார்.

"அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது இந்தப் பத்திரத்தில், இந்த இடத்தில் உள்ள சொல்லைப் பற்றி மட்டும்."

வெளியே வந்தபோது தனபால் எனக்கு லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார். "எங்க தாத்தா பொய் சொல்றவர் இல்ல மேடம்" என்றார். பொய் என்று யாரும் சொல்லவில்லை என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மார்ச்சில் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வினிடம் சொன்னேன். "எதுக்குக்கா, வேணாம்" என்றான். சாப்பிட்டு முடித்து மறுபடியும் வேண்டாம் என்றான். மூன்றாவது முறைக்கு நான் காத்திருக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தீர்ப்பு. மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது. வீடு செண்பகத்தம்மாளுக்கு முழுச் சொந்தம், உயில் செல்லும். 1979 தீர்ப்பு சொல்லின் பொருளைத் தீர்மானிக்கவில்லை என்று ஒரு முழுப் பக்கம். ம் பற்றி ஒரு பத்தி. "இந்தப் பத்திரத்தில், இந்த இடத்தில்" என்று நான் சொன்னதை நீதிபதி அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்.

மாரிக்கனி போன் செய்தார்.

"இப்பப் பேசலாமா மேடம்? இல்ல இப்பவும் தப்பா?"

"இப்போ பேசலாம்."

"என்ன பேசன்னு தெரியல. மெஷினு ஓடிட்டு இருக்கு, கேக்குதா?"

கேட்டது. சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 6, வியாழன்

எஸ்.எஸ்.காலனியில் ஒரு படுக்கையறை வீடு. புத்தகங்களை ஏற்றிவந்த ஆட்கள், "அத்தனையும் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்களுக்குச் சந்தோஷம்.

மார்ச் 27, வியாழன்

நூலகத்து மாணவி தீர்ப்புத் திரட்டில் வந்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். "உங்க கேஸ் ரிப்போர்ட் ஆயிடுச்சு மேம்." தலைக்குறிப்பு இரண்டு வரி: சொத்துப் பத்திரங்களில் 'ஜீவியம்' என்ற சொல் பராமரிப்பையே குறிக்கும், ஆயுட்காலத்தை அல்ல.

இந்தப் பத்திரம், இந்த இடம், இரண்டும் இல்லை. ம் இல்லை. 'க்கு' என்ற உருபை வெட்டிவிட்டு வெறும் சொல்லை அச்சிட்டிருப்பதால் அதற்கு அங்கே வழியும் இல்லை.

பதிப்பகத்துக்கு எழுதினேன். தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதி அல்ல என்று மரியாதையாகப் பதில் வந்தது. சரிதான், சட்டப்படி அது பகுதி அல்ல.

ஏப்ரல் 9, புதன்

சிவகங்கையிலிருந்து அரசப்பன் என்று ஒரு வக்கீல் பேசினார். உற்சாகமான ஆள்.

"மேடம், உங்க கேசுதான் எங்களுக்கு ஆக்சிஜன். விசாலாட்சின்னு ஒரு விதவைக்கு எழுதின பத்திரம், அவங்க இறந்துட்டாங்க. என் கட்சிக்காரம்மா அவங்க மக, எழுபது வயசு. விசாலாட்சியோட கொழுந்தன் மகன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கேஸ் போட்டிருக்கான். நம்ம பத்திரத்துலயும் அதே வார்த்தைதான். அர்த்தம்தான் இப்ப முடிவாயிடுச்சே. ஒரு சம்பிரதாயத்துக்கு நீங்க பேர்த்துக் குடுத்தா, உங்க பேரப் பாத்ததுமே கோர்ட்டு ஒத்துக்கும்."

"வரியைப் படிங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. படித்தார். "'மேற்படி விசாலாட்சி தன் ஜீவியத்துக்கும் மேற்படி வீட்டில் இருந்துகொள்ள வேண்டியது.' அவ்வளவுதான் மேடம்."

"அந்தச் சொல்லை மட்டும் இன்னொரு தரம்."

"ஜீவியத்துக்கும்."

"கடைசியில் ம் இருக்கா?"

"இருக்கு மேடம். நல்லா அழுத்தி எழுதியிருக்காரு. ஏன், எழுத்துப் பிழையா?"

இல்லை என்றேன். பிழையென்று சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தவர்போல் அவர் அந்தச் சொல்லை மறுபடி படித்தார். அந்த அம்மாளுக்குப் போக வேறு இடம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அது மொழிபெயர்ப்பாளர் கேட்கும் கேள்வி அல்ல. பத்திரத்தை அனுப்பச் சொன்னேன்.